பத்து விநாடிக்கு ஒரு படம்

போதையிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய படம் என்றால் அதில் ஒரு கழிவறை இருந்தே தீரும். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரியும். ஒருத்தி வாந்தி எடுப்பாள். அவளுடைய அம்மா கதவைத் தட்டித் தட்டி அழுவாள். கடைசியில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் சூரியன் உதிக்கும், அவள் ஓடுவாள். எதற்கு ஓடுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. நான் மீண்ட பிறகு ஒரு நாள்கூட ஓடியதில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை. அடுத்த பஸ் வரும், என்ன இப்போ?

என்னைக் கேட்டால், மீண்ட பிறகு ஒன்றும் நடப்பதில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பியதும் உதடு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான். எனக்கு அது உதட்டோடு நிற்கவில்லை. சாப்பாடு, பாட்டு, மழை, தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் தொங்கவிடும் விளக்கு எதுவும் உள்ளே போவதில்லை. ஆலோசகர் அம்மா, "உணர்ச்சியெல்லாம் மெதுவா திரும்பி வரும் தர்ஷினி," என்றார். சரி, வரட்டும். நான் எங்கே போய்விடப் போகிறேன்?

இதையெல்லாம் முஆத் பாயிடம் சொன்னேன். பாய் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே அவருக்கு ஒரு அறை உண்டு. வாரம் முழுக்க ஊரார் கல்யாணம். சனிக்கிழமை மட்டும், யாருக்கும் புரியாத படம் எடுக்கிற நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். நான் அவரிடம் வேலை பார்க்கிறேன். மணப்பெண்களின் முகத்தைச் சிவப்பாக்குவதும், மாமன்மார் பெயரைத் திரையில் ஏற்றுவதும் என் வேலை. நடுவில் இத்தனை வருடம் எங்கே போயிருந்தாய் என்று கேட்காத ஒரே முதலாளி அவர்தான்.

"அப்ப உன் படத்துல கழிவறை கெடையாது, அழுகை கெடையாது, சூரியன் கெடையாது. என்னதான் இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது பாய்."

"ஒண்ணுமில்லாதத எப்படிம்மா எடுப்ப?"

"கேமராவ வச்சிட்டுப் போயிருவேன். அது பாட்டுக்கு எடுக்கட்டும்."

பாய் தாடியைச் சொறிந்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பழைய கேமராவை எடுத்து, பத்து விநாடிக்கு ஒரு தடவை தானே படம் பிடிக்கும்படி அதில் எதையோ திருகிக் கொடுத்தார். அந்தப் படங்களை வரிசையாக ஓட்டினால் ஒரு பகல் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சத்தம் இருக்காது. நடுவில் இருக்கிற ஒன்பது விநாடியில் என்ன நடந்தாலும் படத்தில் வராது. எனக்கு அது ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. என் ஞாபகமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

பல வாரம் அப்படியே எடுத்தேன். துணி காயும் மூங்கில் கழி. எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்ட்டின் கதவு. என் கட்டில், நான் இல்லாத கட்டில், நான் படுத்திருக்கும் கட்டில். கடைசி இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அப்பா பெயர் அழகப்பன். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். குவீன்ஸ்டவுன் வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா போனதிலிருந்து சமையல், துணி, பூஜை எல்லாம் அவர் கையில். பஸ்ஸை நிறுத்தத்தில் ஓரங்கட்டுகிற மாதிரி, துணியை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிப்பார். என்னிடம் அவர் பேசுவது மூன்று விஷயம்: சாப்பிட்டியா, குடை எடுத்துக்கிட்டியா, எத்தனை மணிக்கு வருவ.

எங்கள் வீட்டில் ஒரு சொல்லை யாரும் சொல்வதில்லை. நான் புகைத்துக்கொண்டிருந்தது ஐஸ், பளிங்குத் துகள் மாதிரி இருக்கும் போதைப்பொருள். அதனால் அப்பா ஃபிரிட்ஜில் இருக்கிறதைக்கூட "தண்ணிக் கட்டி" என்றுதான் சொல்வார். கோப்பிக் கடையில் போய், "கட்டி போடாம ஒரு லைம் ஜூஸ்," என்று கேட்பார். கடைக்காரர் விழிப்பார்.

போன தடவை நான் பிடிபட்டபோது போலீசுக்குப் போன் செய்தது அப்பாதான். யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. அவர்கள் வந்தபோது அப்பா வேலைக்குப் போகிற மாதிரி சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்மேல் கோபம் உண்டா என்றால், கோபம் வர வேண்டிய இடத்திலும் அந்தப் பல் ஊசிதான்.

படத்தைப் பற்றிச் சொன்னால் எதைப் பற்றிய படம் என்று சொல்ல வேண்டும். அதனால், "பாய் கேமரா குடுத்திருக்காரு, பழகுறேன்," என்றேன். அவரும், "நல்லது," என்றார். விஷயம் முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் எடுக்க நினைத்தது ஒரு தட்டு. முன்பு என் மேசையில் எப்போதும் இருந்த தட்டு. அலுமினியத் தாள் ஒரு துண்டு, வெட்டிய ஸ்ட்ரா, லைட்டர், சின்ன பிளாஸ்டிக் பை. காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அந்தத் தட்டின்மேல் ஏறும், இறங்கும், போய்விடும். சாயங்காலம்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். அவ்வளவுதான் காட்சி. ஒரு பகல் முழுக்க யாரும் தொடாத தட்டு. என் வாழ்க்கையில் வெற்றி என்று ஒன்று உண்டென்றால் அது பார்க்க இப்படித்தான் இருக்கும், வேறு மாதிரி இருக்காது.

பைக்குள் போட ஏதாவது வேண்டும். அப்பா பூஜைக்கென்று ஒரு மைலோ டின்னில் கற்கண்டு வைத்திருக்கிறார். பஃபலோ ரோட்டுக் கடையில் அவரே போய் வாங்குவது; பெரிய கட்டி இல்லை, பொடிப்பொடியாகக் கண்ணாடிச் சில்லு போல இருக்கும். வியாழக்கிழமை அவர் குளிக்கப் போனபோது ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். பைக்குள் கொட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசல். என் கை லைட்டரைத் தேடியது. நான் தேடவில்லை, கைதான்.

மறுநாள் காலையில் அப்பா டின்னைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கற்கண்டு கொறஞ்சிருக்கே?"

"எறும்பா இருக்கும்பா."

"மூடி இறுக்கமாத்தானே இருந்துச்சு?"

"எறும்புக்கு வழி தெரியாதா?"

சரி என்று தலையாட்டிவிட்டுத் தட்டில் கற்கண்டும் திராட்சையும் வைத்து விளக்கேற்றினார். கற்கண்டு எடுத்ததற்கு எவளாவது பொய் சொல்வாளா? பழக்கம். நான் விட்டுவிட்டேன், என் வாய் இன்னும் விடவில்லை. பூஜை முடிந்ததும் என் நெற்றியில் திருநீறு பூசி, உள்ளங்கையில் இரண்டு கற்கண்டு வைத்தார். வாயில் போட்டேன். இது இனிப்பு என்று தெரிந்தது. இனித்தது என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா கேலாங்கில் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போவார். அன்னதானத்துக்குக் காய் வெட்டிக் கொடுத்துவிட்டு, வர சாயங்காலம் ஆகும். அவர் போன பிறகு தட்டை மேசையில் வைத்தேன். கேமராவை அலமாரிமேல் ஏற்றி, சத்தம் வருகிறதா என்று பார்த்தேன். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

நான் போக வேண்டிய இடம் யூரின் டெஸ்ட். என்னைப் போன்றவர்கள் குறித்த நாளில் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். போனை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். வரிசையில் உட்கார வேண்டும். கூப்பிட்டால் கோப்பையோடு போக வேண்டும். எல்லாம் சுத்தம் என்று வந்தது, எப்போதும் போல. வெளியே வந்து போனைப் பார்த்தால் அப்பாவிடமிருந்து ஒரு தவறிய அழைப்பு. மழை பிடித்துக்கொண்டிருந்தது. குடை எடுத்தியா என்று கேட்கத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். குடை எடுக்கவில்லை. எதற்கு வம்பு?

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை. என் அறைக்கதவு சாத்தியபடியே இருந்தது. மேசையில் தட்டு இருந்தது, வெறும் தட்டு. தாள் இல்லை, ஸ்ட்ரா இல்லை, லைட்டர் இல்லை, பை இல்லை. அலமாரிமேல் கேமரா மட்டும் தன் பாட்டுக்கு டிக் என்றது.

கேமராவை இறக்கி, கட்டிலில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். தட்டு. தட்டு. தட்டு. வெயில் கொஞ்சம் ஏறிய தட்டு. வெயில் போய் மழை இருட்டில் தட்டு. பிறகு ஒரு படத்தில் கதவு திறந்திருந்தது. அடுத்ததில் அப்பா, மடித்த துணியோடு. மழை என்பதால் கோயிலிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறார். என் துணியைக் கட்டிலில் வைக்க உள்ளே வந்திருக்கிறார். அடுத்ததில் துணி கட்டிலில் இருந்தது, அப்பா மேசைப் பக்கம் திரும்பியிருந்தார். அதற்கடுத்து நிறையப் படங்களில் அவர் அசையவே இல்லை. கேமரா நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி இருக்கிறது, கட்டில் இருக்கிறது, தரையில் எதற்கு? பிறகு ஒரு படத்தில் போன் அவர் காதில் இருந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததில் போன் கையில், கை மடியில்.

இருபது விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்ல அது தாராளம்.

மிச்சத்தையும் பார்த்தேன். அப்பா தாளை மடிக்கிறார். பை அவர் சட்டைப் பைக்குள் போகிறது. தட்டு காலி. பிறகு, கட்டிலில் வைத்த துணியைத் திரும்பக் கையில் எடுத்திருந்தார். அதை ஏன் எடுக்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். என் துணி சோபாவில் இருந்தது, விளிம்போடு விளிம்பு சேர்ந்து. அவர் என் அறைக்குள் வந்ததே எனக்குத் தெரியக் கூடாதாம்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். முகம் கழுவினேன். நல்ல சட்டை ஒன்றை மாட்டினேன். ஷூ வேண்டாம், லாக்கப்பில் கயிற்றை உருவிவிடுவார்கள் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். கற்கண்டு வைத்திருந்ததற்கு யாரையும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உட்கார்ந்திருந்தேன். பயமும் இல்லை, ஒன்றுமில்லை. செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் வரவில்லை. அப்பாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தபோதுதான் அந்தத் தவறிய அழைப்பு மறுபடி கண்ணில் பட்டது. அதன் நேரத்தையும் கேமராப் படத்தின் நேரத்தையும் பார்த்தேன். இரண்டும் ஒன்று. போனைக் காதில் வைத்து அவர் கூப்பிட்டது என்னை. நான் அப்போது கோப்பையோடு வரிசையில் இருந்தேன்.

திரும்பக் கூப்பிட்டேன். அவர் போனை அணைத்திருந்தார். அப்புறம் வேறு யாரையாவது கூப்பிட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அறைக்கு வெளியே என்ன நடந்ததென்று கேமராவுக்கும் தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

"எங்கப்பா போனீங்க?"

"சும்மா. கேலாங் போனேன். அங்கேர்ந்து தெம்பனிஸ்."

"தெம்பனிஸ்ல நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல." துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "உன் ரூம்ல இருந்தத நான் எடுத்துட்டேன். தூக்கிப் போட்டுட்டேன். ஒரே எடத்துல போடல. தாள் ஒரு எடம், குழா ஒரு எடம். பைய ஒரு கால்வாயில போட்டேன். பை பிரிஞ்சு, மழையில பாதி சட்டையிலேயே கரைஞ்சு போச்சு."

"போலீசுக்குச் சொல்லலியா?"

போலீஸ் என்ற சொல்லை நாங்கள் வீட்டுக்குள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை இறக்கினார்.

"ஒரு தடவ சொன்னேன்ல. போதும்."

"அத சட்டைப் பையில வச்சிக்கிட்டா பஸ்ல சுத்துனீங்க? யாராவது புடிச்சிருந்தா?"

"என்னையத்தானே புடிப்பாங்க. உன்னைய இல்லல."

மறுநாள் என்ன குழம்பு என்று சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னார். நான் உண்மையைச் சொன்னேன்.

"ப்பா, அது கற்கண்டு."

அவர் என்னைப் பார்த்தார்.

"நான் ஒரு படம் எடுக்கிறேன். என்னையப் பத்தி. அதுக்காக வச்சேன். உங்க மைலோ டின்லேர்ந்துதான் எடுத்தேன்."

"சரிம்மா."

"நெஜமாப்பா. இன்னிக்கு டெஸ்ட் குடுத்தேன், சுத்தமா இருக்கு."

"சரிம்மா. சாப்பிடு."

"நம்பலியா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார்: "காலைல எறும்புன்னு சொன்னியே."

கோபம் வந்தது. ஐயோ, எப்படி வந்தது! ஆலோசகர் அம்மா சொன்ன உணர்ச்சியெல்லாம் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின மாதிரி. காது சூடானது. கத்தினேன்.

"கற்கண்டுகூடத் தெரியாதா உங்களுக்கு? வாராவாரம் உங்க கையால வாங்குறீங்க, உங்க கையால சாமிக்கு வைக்கிறீங்க! காலைலதானே என் கையில குடுத்தீங்க! கண்ணு எங்க போச்சு?"

"உன் ரூம்ல இருந்துச்சும்மா," என்றார்.

அவ்வளவுதான். அவர் குளிக்கப் போனார். எப்போதும் ஈரத்துணியை உடனே கழியில் போடுகிற மனுஷர், அன்று சட்டையைச் சுருட்டி அழுக்குக்கூடையில் எறிந்துவிட்டுப் போனார். நான் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது.

சனிக்கிழமை பாய் அறைக்குப் போய், ஒன்றும் சொல்லாமல் படங்களைக் கணினியில் ஓட்டிக் காட்டினேன். ஓட்டினால் அப்பா விலுக்விலுக்கென்று அசைந்தார், பொம்மை மாதிரி. நிற்கிறார், தரையில் இருக்கிறார், போன் காதில், துணி கையில். பாய் முழுதும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதாம்மா உன் படம்."

"இது இல்ல பாய். யாரும் தொடாத தட்டு, அதுதான் படம்."

"தர்ஷினி, இத வச்சா பாக்குறவங்க அத்தன பேரும் அழுவாங்க லா."

"அவங்க அழுவுறதுக்கா நான் எடுக்குறேன்? எங்கப்பா கற்கண்டப் பாத்து நடுங்குறத டிக்கெட் போட்டுக் காட்டணுமா?"

பாய் கையைத் தூக்கி, சரி சரி என்றார். அப்பா என்னை நம்பாததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வேணா வந்து அப்பாகிட்ட சொல்றேன். கேமரா குடுத்தவன் நான்தானே? சாட்சி நான்," என்றார். நல்ல மனுஷர். ஆனால் எனக்காக எத்தனையோ பேரை அப்பாவிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். ஓவர்டைம் என்று சொல்ல ஒருத்தி, ஜுரம் என்று சொல்ல ஒருத்தன். நிஜச் சாட்சி வந்தாலும் எங்கள் வீட்டில் அந்தப் பொய்ச் சாட்சிகள் உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் உட்கார வேண்டும். வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சமையலறையில் அலுமினியத் தாள் சுருளைக் காணவில்லை. ஸ்ட்ரா கட்டையும் காணவில்லை. விளக்குப் பக்கத்தில் புதிதாகத் தீப்பெட்டி இருந்தது. என் அறைக்கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். "குடை எடுத்துட்டுப் போனியா?" என்றார். போனேன் என்றேன். போகவில்லை. பாருங்கள், மறுபடியும்.

எனக்கு அப்போது வேண்டியது ஒன்றுதான், அவர் என்னை நம்ப வேண்டும். மற்றதெல்லாம், படம், பாய், டெஸ்ட், எல்லாம் எக்கேடோ கெடட்டும். ஆனால் அதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. பையும் இல்லை, கற்கண்டும் இல்லை, கால்வாயில் போய்விட்டது. டின்னில் இருப்பதைக் காட்டினால் அது டின்னில் இருப்பது, அவ்வளவுதான். என் வார்த்தை ஒன்றுதான் பாக்கி. அதன் விலை எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா துணி துவைக்கும் நாள். காலையில் கோப்பி கலக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். அப்பா துவைக்கும் எந்திரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகு காட்டி. கையில் வெள்ளிக்கிழமை போட்டிருந்த வெள்ளைச் சட்டை. நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

சட்டைப் பை கறுப்பாக இருந்தது. கறை என்று நினைத்தேன். கறை நகர்ந்தது.

எறும்பு. ஜன்னல் கம்பியிலிருந்து சுவர் வழியாக, எந்திரத்தின் பக்கவாட்டில் இறங்கி, கூடைக்குள் நுழைந்து, சட்டைப் பைக்கு வரிசை போட்டிருந்தது. கூடையில் வேறு துணியும் கிடந்தது, என் துணி, துண்டு, தலையணை உறை. எதையும் அது சீண்டவில்லை. நேராகப் பைக்குத்தான் போனது.

அப்பா தட்டிவிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு விரலால் பையின் விளிம்பைத் தடவினார். காய்ந்து விறைத்திருந்தது போல, விரல் ஒட்டி ஒட்டி வந்தது. அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

என் அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஐஸ் என்ற சொல்லையே வாயில் வைக்காத மனுஷர். அந்த விரலை வாயில் வைத்தார்.

அவர் முதுகு குலுங்கியது. சத்தமில்லை. எனக்குப் போய் அவர் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை. அந்தப் பல் ஊசி இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் நெஞ்சில் எங்கேயோ வலித்தது, அது நிச்சயம்.

"ப்பா," என்றேன்.

அவர் திரும்பவில்லை. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எறும்புதாம்மா," என்றார்.

நான் கோப்பி கலக்கினேன். இருவரும் நின்றபடியே குடித்தோம். அப்பா சட்டையைத் துவைக்கவில்லை. எறும்பு போகட்டும் என்று ஜன்னல் பக்கம் நாற்காலிமேல் விரித்துப் போட்டார். பிறகு சாமிப் படங்களுக்குப் பின்னால் கைவிட்டு அலுமினியத் தாள் சுருளையும் ஸ்ட்ரா கட்டையும் எடுத்தார். இன்னொரு பக்கம் கைவிட்டு என் லைட்டரை எடுத்தார். அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை போல. வேலை செய்கிற எதையும் அவர் எறிய மாட்டார்.

"அந்தத் தட்டு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"ஏம்ப்பா?"

"நான் கெடுத்துட்டேன்ல. திருப்பி வைப்போம்."

என் அறைக்குள் அவரே முன்னால் போனார். மேசையில் தட்டை வைத்தார். தாளை ஓரம் பிசகாமல் கிழித்தார். ஸ்ட்ராவை வெட்டி, "இம்புட்டு நீளமா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். நான் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் பிடித்தேன். அவர் மைலோ டின்னிலிருந்து கற்கண்டை அள்ளி உள்ளே போட்டார். போட்டுவிட்டுப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கு," என்றார். "எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"எனக்குந்தாம்ப்பா."

அதைச் சொன்ன பிறகுதான் உண்மையிலேயே பயமாக இருக்கிறது என்று தெரிந்தது.

கேமராவை அலமாரிமேல் ஏற்றினேன். "சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அதான் படம்," என்றேன்.

"யாரும்னா?"

"நான்தான்."

அவர் புரிந்துகொண்டார். "அப்ப நான் வெளிய போயிரவா? இல்ல இங்கயே இருக்கவா?"

காட்சியில் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் என் திட்டம். ஆளில்லாத அறை, தொடாத தட்டு. பல வாரமாக மனதில் வைத்திருந்தது.

"இருங்க," என்றேன். "முந்தாநாள் எடுத்ததும் இருக்கு. நீங்க வந்தது. அதப் படத்துல வைக்கவா வேணாமா, நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

"மொதல்ல இது முடியட்டும்."

மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் அவர் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். நடுவில் தட்டு. அன்று மழை இல்லை. வெயில் ஜன்னல் வழியாக வந்து மேசைக் காலில் ஏற ஆரம்பித்தது. டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். அந்தச் சத்தம் அப்பாவுக்குப் பிடித்திருந்தது போல, ஒவ்வொரு தடவையும் அலமாரியை அண்ணாந்து பார்த்தார். பார்க்காதீங்கப்பா என்றேன். சரி என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மைலோ டின் அவர் மடியில் இருந்தது. அதைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இரண்டு படத்துக்கு நடுவில் கடித்துவிட்டார். படத்தில் அது வராது. எனக்குக் கேட்டது, கடக் என்று. பிறகு டின்னை என் பக்கம் நீட்டினார். தட்டைத் தொடாமல் கையைச் சுற்றி நீட்டினேன். உள்ளங்கையில் ஒன்று வைத்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிக்குதா?"

"கொஞ்சம்ப்பா," என்றேன்.

பொய் இல்லை. கொஞ்சம் இனித்தது.